தோற்றுப்போகும் என்று நம்பி வைத்த தேதி

பெல்ட்டுக்குத் தன் அணியின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. எப்படியும் தோற்றுப்போகும் என்கிற நம்பிக்கை.

இருபத்தாறு வருடமாகப் பச்சை அணி அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்ததே இல்லை. ஒரு கோல் முன்னால் இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு வாங்கிக்கொள்ளும். எதிரணியில் ஓர் ஆள் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனால், மிச்சமுள்ள பத்துப் பேரிடம் தோற்கும். ஒருமுறை எதிரணி வந்து சேரத் தாமதமாகிவிட்டது. காத்திருந்த நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று பந்தை உதைத்துப் பார்த்து, தன் கோல்கீப்பரின் விரலைத் தானே உடைத்துக்கொண்ட அணி அது. இதையெல்லாம் பெல்ட்டு கோபமாகச் சொல்லமாட்டான். தறுதலைப் பிள்ளையைப் பெற்ற அப்பன் மாதிரி, தலையில் அடித்துக்கொண்டே ஒரு பெருமையோடு சொல்வான்.

அவன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். முதுகு விட்டுப்போகாமல் இருக்க இடுப்பில் அகலமான பட்டை கட்டிக்கொண்டே பதினெட்டு வருடம் வேலை பார்த்ததில் பெல்ட்டு என்றே ஆகிவிட்டான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

விமானத்தின் அடியில் பெட்டிகள் போகிற இடத்தை அவர்கள் வயிறு என்பார்கள். அதற்குள் வளர்ந்த ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டி போட்டுத்தான் நகரவேண்டும். முட்டி போட்டபடியே முப்பது கிலோ பெட்டியை வாங்கி, திரும்பி, கூரைவரை அடுக்கவேண்டும். முன்பு ஒரு விமானத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் உள்ளே, மூன்று பேர் வெளியே. இந்த வருட ஆரம்பத்தில் நிர்வாகம் அதை நாலாகக் குறைத்தது. பெட்டிகளிடம் யாரும் குறையச் சொல்லவில்லை. அவை எப்போதும்போல வந்துகொண்டிருந்தன. இரண்டே மாதத்தில் ஒருவனுக்கு விரல் நசுங்கியது, ஒருவனுக்கு முட்டியில் நீர் கோத்தது. பெல்ட்டு காலையில் கட்டிலிலிருந்து எழும்போது வீட்டில் ஏதோ பழைய கதவைத் திறக்கிற மாதிரி சத்தம் கேட்டது.

அதனால்தான் வேலைநிறுத்தம். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். தேதி எது என்று வந்தபோது பெல்ட்டுதான் எழுந்தான்.

“கப் ஃபைனல் வருதே, அந்த வெள்ளி சனி வைங்கம்மா. ஜனம் பூரா அங்கதான் பறக்கும். அன்னைக்கு நின்னாத்தான் நம்ம அருமை தெரியும்.”

சங்கச் செயலாளர், பயணிகளுக்கு இருக்கைச் சீட்டு போட்டுக் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்க்கும் பெண். சிறு வயதுதான். ஆனால் தினமும் நூறு பேரிடம் “உங்கள் பெட்டி எடை அதிகம்” என்று சொல்லிச் சொல்லி யாருக்கும் பயப்படாத குரல் வந்துவிட்டது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. உங்க பச்சை ஃபைனலுக்கு வந்துட்டா?”

கூட்டம் சிரித்தது. பெல்ட்டும்கூடச் சிரித்தான்.

“எங்க டீமா? காலிறுதிக்கு வந்ததுக்கே கண்ணு பட்டுடும்னு பயந்துக்கிட்டு இருக்கேன். நீங்க தைரியமா எழுதுங்கம்மா.”

செயலாளர் தைரியமாக எழுதினாள். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அவன் பெயரையும் எழுதினாள்.

அதற்கப்புறம்தான் பச்சை அணி தன் புத்தியைக் காட்டியது. காலிறுதியில் எதிரணிக்காரன் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தலையால் முட்டிப் போட்டுக்கொண்டான். அரையிறுதியில் பச்சையின் கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்த பந்து, காற்றில் மாட்டி, மைதானம் முழுக்கப் பறந்து, அந்தப் பக்கத்து கோல்கீப்பரின் தலைக்கு மேல் ஒரு குதி குதித்து உள்ளே போனது. பெல்ட்டு அதைச் சலூனில் மற்ற ரசிகர்களோடு நின்று பார்த்தான். எல்லாரும் எகிறிக் குதித்தார்கள். அவன் மட்டும் நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஏண்டா அழறே?” என்று கட்டிப்பிடித்தார் சலூன்காரர்.

“சந்தோஷம் தலைவரே” என்றான்.

வீட்டில் மனைவியிடம் அந்தப் பொய் செல்லவில்லை.

“ஏங்க, ஜெயிச்சுட்டீங்களாமே! முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“ஃபைனல் சனிக்கிழமை. எண்ணூறு கிலோமீட்டர். அந்த ஊருக்கு நம்ம கம்பெனி விமானம் மட்டும்தான் போகுது.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“தேதி சொன்னது நான்தான்னு அன்னைக்கு எவ்வளவு பெருமையா வந்து சொன்னீங்க!”

“மெதுவா பேசுடி. கீழ் வீட்டுக்காரன் பச்சைக் கட்சி.”

“டீம் போய்ச் சேரலைன்னா?”

“மூணு கோல்ல தோத்ததா அறிவிச்சுடுவாங்க.”

“அப்போ உங்களாலதான் தோத்துதுன்னு ஆயிடும்” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே பாவமாக இருந்தது போல. தட்டைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் பெல்ட்டு கவுண்டரில் வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் செயலாளர் பழக்கத்தில் “எத்தனை பெட்டி?” என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“தேதியை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமாம்மா?”

“முடியும்ணே. திரும்பக் கூட்டம் போடணும், திரும்ப நோட்டீஸ் குடுக்கணும். அதுக்குள்ள நாலு பேரை மூணாக்கிடுவாங்க. நீங்க கூட்டத்துல எழுந்து கேளுங்க, நான் வேணாங்கலை.”

கேட்டுவிடலாம் என்றுதான் ஓய்வறைக்குப் போனான். அங்கே விரல் நசுங்கியவன் இடது கையால் தேநீரைக் கலக்கப் பழகிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, “அண்ணே, வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்!” என்றான். பெல்ட்டு, “பாத்துக்கலாம்டா” என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினான்.

வேலைநிறுத்தச் செய்தி செவ்வாய்க்கிழமை ரசிகர்களுக்கு எட்டியது. அன்றே, வியாழக்கிழமை வரைக்குமான விமானங்களில் ஈ நுழைய இடமில்லாமல் போனது. முன்கூட்டியே தப்பித்துப் போகிறவர்கள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். ஃபைனலில் மோதவேண்டிய நீல அணியோ ஏற்கெனவே போய் இறங்கி, அங்கே காலாற நடந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை பெல்ட்டு சவரம் செய்துகொள்ளப் போனான். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடமாகப் புதன்கிழமை போகிறவன் திடீரென்று போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று பட்டது. குற்றம் செய்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

சலூன்காரர்தான் பச்சை ரசிகர் மன்றத்தின் தலைவர். இவன் முகம் முழுக்க நுரை பூசி, தலையைப் பின்னால் சாய்த்து, கத்தியைத் தொண்டைக்குக் கீழே வைத்த பிறகு கேட்டார்.

“எவன்டா அது, சரியா நம்ம ஃபைனலைப் பாத்துத் தேதி குறிச்சவன்?”

“கூட்டா எடுத்த முடிவா இருக்கும் தலைவரே.”

“பேசாதே, அறுத்துடும். கூட்டாவாவது! ஒருத்தன் வாயைத் திறந்திருப்பான்ல? கண்டிப்பா நீலக்காரன். சங்கத்துக்குள்ள புகுந்துட்டான். நீ அங்கதானே வேலை பாக்குறே, உனக்குத் தெரியாதா?”

பெல்ட்டால் பேசவும் முடியவில்லை, தலையை ஆட்டவும் முடியவில்லை. கண்ணாடியில் பின்னால் பெஞ்சில் எலக்ட்ரீஷியனும் தையல்காரனும் உட்கார்ந்து இவன் பதிலுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. கத்தி மெல்லக் காதுப்பக்கம் ஏறியது. ஒரு கன்னம் முடிந்தது.

“தலைவரே, கத்தியைக் கொஞ்சம் எடுங்க. ஒரு விஷயம் சொல்லணும்.”

“அப்படியே சொல்லு.”

“எடுத்தாத்தான் சொல்லுவேன்.”

எடுத்தார். சொன்னான். சலூன்காரர் கத்தியோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“எப்ப சொன்னே?”

“காலிறுதிக்கு முன்னாடி.”

“ஏன் அந்தத் தேதி?”

“எப்படியும் அதுக்குள்ள தோத்துடுவோம்னு நினைச்சேன்.”

சலூன்காரர் கத்தியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஸ்ட்ரைக்கைக்கூட மன்னிச்சிடுவேன்டா. உன் முதுகு உன் கவலை. ஆனா இருபத்தாறு வருஷமா முதல் வரிசையில நின்னு தொண்டை கிழியக் கத்துறியே, தோப்போம்னு நினைச்சுக்கிட்டா கத்துனே?”

“கத்துறது வேற, நினைக்கிறது வேற தலைவரே.”

பெஞ்சிலிருந்து ஒரு செருமல் வந்தது. எலக்ட்ரீஷியன்.

“விடுங்க தலைவரே. நானும் சனிக்கிழமைதான் மச்சினி வீட்டுக்கு வயரிங் மாத்தித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். சுவரெல்லாம் உடைச்சுப் போட்டாச்சு.”

“நீயுமா?”

“எனக்கு அன்னைக்குக் கல்யாணம்” என்றான் தையல்காரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஏண்டா, வருஷத்துல வேற நாளே கிடைக்கலையா உனக்கு?”

“மண்டபம் அன்னைக்குத்தான் காலியா இருந்துச்சு. ஏன் காலின்னு இப்பத்தான் புரியுது.”

சலூன்காரர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியைக் கழுவ ஆரம்பித்தார். கத்தி சுத்தமான பிறகும் கழுவினார். எலக்ட்ரீஷியனுக்குச் சந்தேகம் தட்டியது.

“தலைவரே, நீங்க எப்படிப் போறதா இருந்தீங்க?”

“எனக்கு... டாக்டர் தேதி குடுத்திருக்காரு.”

“என்ன டாக்டர்?”

“மூலம்டா! ஆபரேஷன்! போதுமா? நின்னு நின்னு வேலை பாத்தா உனக்கும் வரும். மனுஷன் எத்தனை நாள்தான் பொறுத்துக்கிறது?”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி அங்கே யாருக்கும் இல்லை.

தலைவர் என்ற மரியாதையை மீட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், சலூன்காரர் அங்கேயே அணியின் மேலாளருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். டிக்கெட் பணத்தையாவது திருப்பித் தருகிறார்களா, மாற்று ஏற்பாடு என்ன என்று அதட்டலாகக் கேட்டார்.

“டிக்கெட்டா?” என்றது போன். பிறகு குரல் தாழ்ந்தது. “தலைவரே, வெளிய சொல்லிடாதீங்க. நாங்க டிக்கெட்டே போடலை. அரையிறுதியோட சீசன் முடிஞ்சிடும்னு மைதானத்தை உழுது புது விதை போட்டுட்டோம். கோல்கீப்பர் அவன் அக்கா வீட்டுக்குப் போயிட்டான், இப்பத்தான் ஆள் அனுப்பியிருக்கேன். நல்லவேளை இந்த ஸ்ட்ரைக் வந்துச்சு. விமானம் இல்லாததாலதான் பஸ்ல போறோம்னு பத்திரிகைக்குச் சொல்லிட்டேன். அந்தத் தேதி வெச்ச புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடணும்.”

சலூன்காரர் போனை வைத்தார். பெல்ட்டின் தலையைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

“மிச்சக் கன்னத்தைக் காட்டு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ் கிளம்பவேண்டும். பஸ்ஸின் அடியறை சின்னது. பதினெட்டு ஆட்டக்காரர்களின் பைகள், பந்து மூட்டை, மருந்துப் பெட்டி, மசாஜ் மேஜை. பாதிக்கு மேல் ஏறாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். பெல்ட்டு மூன்று கூட்டாளிகளோடு வந்தான். எல்லாரும் விமான நிலைய வாசலில் மறியலுக்குப் போகிற வழியில் கோஷ அட்டையோடு வந்திருந்தார்கள்.

“ஸ்ட்ரைக் அன்னைக்கு லோடு ஏத்துறோமே, இது தப்பில்லையாண்ணே?” என்றான் ஒருவன்.

“இது பறக்குதா?”

“இல்லை.”

“அப்போ வாயை மூடிக்கிட்டு அந்தக் கறுப்புப் பையைத் தள்ளு.”

அவன் அடியறைக்குள் முட்டி போட்டுப் போனான். கைப்பிடியைத் தொட்டதுமே எடை தெரியும் அவனுக்கு. கனமானதைக் கீழே, கோணலானதை மூலையில், மெத்தென்றிருப்பதை இடுக்கில். பதினோரு நிமிடத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டது. நாலு பேரும் அதற்குள் பிழிந்துபோட்ட துணியாகியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் சன்னல் வழியாகப் பார்த்துக் கை தட்டினார்கள். இருபத்தாறு வருடம் அவர்களுக்குக் கை தட்டியவனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பட்டையை இறுக்கிக்கொண்டான்.

பின் வரிசையில் சலூன்காரர், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு, காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணி நேரம். முகம் இப்போதே வேர்த்திருந்தது.

“ஒரு சீட்டு இருக்குடா, ஏறு” என்றார். “எலக்ட்ரீஷியன் வரலை. மச்சினி விடலையாம்.”

பெல்ட்டு பஸ்ஸின் படியைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் பச்சை அணி ஆடுகிற முதல் ஃபைனல். இன்னொன்று வருமென்று அவன் நம்புகிற ஆளில்லை. கையில் இருந்த அட்டையில் ‘ஆறு பேர் வேண்டும்’ என்று எழுதியிருந்தது.

“தேதி வெச்சவன் நான் தலைவரே” என்றான். “வெச்சவனே இல்லைன்னா நல்லா இருக்காது.”

“தோத்தா உன்னைத்தான் சொல்வாங்க.”

“ஜெயிச்சாலும் சொல்லுங்க.”

சனிக்கிழமை சாயங்காலம் அவன் விமான நிலையத்தின் ஊழியர் வாசலில் கூட்டாளிகளோடு நின்று, விரல் நசுங்கியவனின் போனில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் பாதியில் நீலம் ஒன்று போட்டது. இரண்டாவது பாதியில், அக்கா வீட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட கோல்கீப்பர் ஒரு பெனால்டியைத் தடுத்தான். எழுபத்தெட்டாவது நிமிடம் பச்சை ஒன்று போட்டது. ஒன்றுக்கு ஒன்று! பெல்ட்டு கோஷ அட்டையைத் தலைக்கு மேல் சுற்றினான். அப்போதுதான் செயலாளர் ஓடி வந்தாள்.

“அண்ணே, பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுட்டாங்க! வயித்துக்குள்ள வேலை பாக்குற ஆள் ஒருத்தர் வேணும். வாங்க.”

“இப்பவா?”

“இப்ப விட்டா திங்கட்கிழமைதான்.”

விரல் நசுங்கியவன் போனை நீட்டிக்கொண்டே நின்றான். கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்வது? போனான்.

நிலைய மேலாளரின் அறையில் நீளமான மேஜை. போன்களையெல்லாம் ஒரு டப்பாவில் போடச் சொன்னார்கள். மேலாளரும் ஒன்றைப் போட்டார். சுவரில் கோட்டு மாட்டுகிற கொக்கியில் நீல அணி ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் கழுத்துத்துணி ஒன்று தொங்கியது. சரிதான், என்று நினைத்துக்கொண்டான் பெல்ட்டு.

“நாலு பேர் போதும்னு ஆய்வு பண்ணித்தான் முடிவெடுத்தோம்” என்றார் மேலாளர். பேசும்போது அவர் கண் அடிக்கடி தன் மடியில் இறங்கியது.

“ஆய்வு பண்ணவரு உள்ள போய்ப் பாத்தாரா சார்?”

“உள்ள என்ன அப்படி?”

“காட்டுறேன்” என்று பெல்ட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜைக்கு அடியில் போனான். “வயிறு இதைவிட ஒரு முழம் உசரம். அவ்வளவுதான். இதுக்குள்ள முட்டி போட்டு...”

சொல்லிக்கொண்டே நகர்ந்தவன் நின்றுவிட்டான். எதிரே மேலாளரின் மடி. மடியில் இன்னொரு போன். போனில், சத்தமில்லாமல், பளிச்சென்று, பச்சைப் புல்வெளி. எண்பத்தாறாவது நிமிடம்.

“முட்டி போட்டு?” என்றது மேலே செயலாளரின் குரல்.

“முட்டி போட்டு, பெட்டியை வாங்கணும்” என்றான் பெல்ட்டு, கண்ணை எடுக்காமல். “ஒரு பெட்டி... வாங்கியாச்சு. இப்போ திரும்பணும்... திரும்புடா, திரும்புடா... ஐயோ, அவன்கிட்ட ஏன் கொடுக்கிறே?”

“யாருண்ணே?”

“பக்கத்துல இருக்கிறவன்கிட்டம்மா. அவன் கை நிறையப் பெட்டி. அவனால முடியாதுல்ல?”

மேலே செயலாளர் உருகிப்போனாள். இத்தனை வருடத்தில் இந்த வேலையை இவ்வளவு உணர்ச்சியோடு யாரும் விளக்கி அவள் கேட்டதில்லை. மேலாளருக்கு எதுவும் காதில் விழவில்லை. அவருடைய வலது முட்டி மட்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. போனும் சேர்ந்து ஆடியதால் பெல்ட்டு தலையையும் அதற்கேற்ப ஆட்டவேண்டியிருந்தது.

“சரி, அஞ்சு பேர்” என்றார் மேலாளர், விஷயத்தை முடித்துவிட்டு நிம்மதியாகப் பார்க்கலாம் என்ற அவசரத்தில்.

“அண்ணே, அஞ்சுங்கிறாங்க. ஒத்துக்கலாமா? நீங்க மேல வாங்க, பேசலாம்.”

தொண்ணூறு நிமிடம் ஆகிவிட்டது. கூடுதலாக நாலு நிமிடம் என்று பலகை காட்டினார்கள். மேலே போனால் எல்லாம் போச்சு.

“ஆறு!” என்றான் பெல்ட்டு மேஜைக்கு அடியிலிருந்து. “ஆறு சொல்ற வரைக்கும் நான் வெளிய வரமாட்டேன்!”

“என்னம்மா இது, சின்னப்பிள்ளை மாதிரி?”

“அவர் வலி அவருக்குத்தானே சார் தெரியும்” என்றாள் செயலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தொண்ணூற்று மூன்று. பச்சையின் தடுப்பாட்டக்காரன், சுற்றிலும் ஆளே இல்லாத இடத்தில், பந்தை நிதானமாகக் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டினான். மெதுவாகத் தட்டினான். ரொம்ப மெதுவாக. எங்கிருந்தோ ஒரு நீலக்காரன் ஓடி வந்தான்.

பெல்ட்டு போட்ட சத்தம் மேஜையை அதிரவைத்தது. பதினெட்டு வருட முட்டியும், இருபத்தாறு வருட நெஞ்சும் ஒன்றாகச் சேர்ந்து அலறின. டப்பாவில் இருந்த போன்கள் குலுங்கின. செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“பாத்தீங்களா சார்! பாத்தீங்களா! இதைத்தான் ஒவ்வொரு விமானத்துக்கும் அனுபவிக்கிறாங்க!”

மேலாளரின் முகம் சூரியன் மாதிரி ஒளிர்ந்தது. அந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். அடியிலிருந்து வந்த அலறல் அவரையும் கொஞ்சம் உலுக்கித்தான் இருந்தது; வெற்றி பெற்றவனுக்கு அடுத்தவன் வலி சட்டென்று புரிகிறது.

“ஆறு! ஆறும்மா! இந்தா, கையெழுத்துப் போடறேன். மனுஷனை முதல்ல வெளிய வரச் சொல்லுங்க, பாவம்!”

பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. செயலாளர் குனிந்து மேஜைக்கு அடியில் தலையை நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, ஆறு குடுத்துட்டாங்க! ஜெயிச்சுட்டோம்ணே! வாங்க வெளிய.”

பெல்ட்டு முட்டி போட்டபடியே இருந்தான். எதிரே மேலாளரின் மடியில் நீலச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. ஓர் ஓரத்தில், ரப்பர் வளையத்தைக் கையில் பிடித்தபடி ஓர் ஆள் நிற்பதைக் கேமரா ஒரு நொடி காட்டிவிட்டு நகர்ந்தது.

“வரேன்மா” என்றான். “கொஞ்சம் இங்கயே இருந்துட்டு வரேன்.”